கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்தில் கிடைத்த பல் வாள்பல் பூனையுடையதா?

கோத்தகிரிப் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருப்பது இது. தோட்டத்தில் சில்வர் ஓக் நடக் குழி எடுத்தபோது ஒரு வளைந்த பல் கிடைத்திருக்கிறது. வெளிவளைவில் நூல் வைத்து அளந்தால் 14 செ.மீ. ஒரு முனை கூர். மறுமுனை குழாய் போல வெறுமையாக இருந்து செம்மண் அடைத்திருக்கிறது. நிறம் கடும் பழுப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை வாள்பல் பூனையின் பல் என்கிறார்கள், அதாவது மேல்கோரைப்பல் வாள் போல நீண்டிருந்த, அழிந்துபோன விலங்கின் பல். நூலகத்துப் புத்தகத்தில் ஹோப்லோஃபோனியஸ் என்ற விலங்கின் படத்துக்குக் கீழே "பூனை போன்றது, பூனை அல்ல" என்று இருக்கிறதாம். இது அதன் பல்தானா, அது நீலகிரியில் வாழ்ந்ததா, பூனை இல்லையென்றால் என்ன, கண்காட்சிக்கு அதன் மண்டையோட்டைச் செய்வது எப்படி என்பவை கேள்விகள்.

டீச்சர், பல்லை முதலில் பார்த்துவிடுவோம். நீங்கள் எழுதிய விவரங்களில் பதிலைச் சொல்லிவிடுவது அந்தக் குழாய் முனைதான். அது காட்டுப்பன்றியின் கீழ்த்தாடைக் கோரைப்பல். பன்றிக்கு அந்தப் பல் ஆயுள் முழுக்க வளர்கிறது. வளர வேண்டுமென்றால் அடி திறந்திருக்க வேண்டும், உள்ளே பல்லை உண்டாக்கும் சதை இருக்க வேண்டும். பன்றி செத்துச் சதை அழுகிய பிறகு மிஞ்சுவதுதான் நீங்கள் பார்க்கும் ஓட்டை. பூனை, சிறுத்தை, புலி, கரடி இவற்றின் கோரைப்பல் ஓர் அளவோடு வளர்ச்சியை நிறுத்திவிடும். நன்கு வளர்ந்த விலங்கில் வேரின் அடி மூடி, உருண்டு, கட்டை விரல் நுனி போல இருக்கும். ஹோப்லோஃபோனியஸின் பல்லும் இப்படி வேர் மூடிய பல்தான்.

அளவும் அதையே சொல்கிறது. ஹோப்லோஃபோனியஸ் இனங்களில் அதிகம் கிடைத்திருக்கும் பிரைமீவஸின் முழு மண்டையோடே ஒரு சாணுக்குக் குறைவு, ஏறக்குறைய 16 செ.மீ. அந்தத் தலைக்குள் 14 செ.மீ. பல்லுக்கு இடம் ஏது?

பிள்ளைகள் கண்ணால் பார்த்து நம்ப வேண்டுமானால் ஒரு சோதனை இருக்கிறது. சப்பாத்தி மாவு பதத்தில் பிசைந்த களிமண்ணைத் தீப்பெட்டி அளவுக்குக் கட்டியாக்குங்கள். பல்லின் கூர்முனையை நேராக 2 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தி, ஆட்டாமல் உருவுங்கள். மேலிருந்து ஓட்டையின் வடிவத்தைப் பாருங்கள். பன்றிப் பல்லானால் முக்கோணம் விழும். சிறுத்தை, கரடிப் பல்லானால் வட்டம் அல்லது சற்று நீண்ட வட்டம். வாள்பல்லானால் இரண்டு பக்கமும் கூராகி நடுவில் உப்பிய கீற்று, பாதாம்பருப்பை நெடுக்கே நறுக்கினாற்போல. அழுத்தும்போது பல் ஆடிவிட்டால் முக்கோணமும் வட்டமாகிவிடும். அதனால் மூன்று முறையாவது செய்து பாருங்கள்.

பிறகு ஈரத்துணியால் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பன்றிப் பல்லில் இரண்டு பக்கம் பளபளக்கும், பின்பக்கம் மட்டும் மங்கலாக இருக்கும். அந்தப் பக்கத்தில் எனாமல் கிடையாது. நுனியருகே அரிவாளைச் சாணை பிடித்தது போல ஒரு தட்டையான வெட்டு தெரியும். மேல்பல்லோடு உரசி உரசி விழுவது அது. பன்றி வாயை மூடித் திறக்கும்போதெல்லாம் தன் ஆயுதத்தைத் தானே தீட்டிக்கொள்கிறது.

பழுப்பு நிறத்தை வைத்துப் பழமையைக் கணிக்க வேண்டாம். நம் செம்மண்ணில் இரும்பு மிகுதி. சில வருடம் புதைந்திருந்தாலே வெள்ளைப் பல் காப்பி நிறத்துக்கு வந்துவிடும். சுத்தம் செய்ய உலர்ந்த பல்துலக்கி போதும். வினிகர், எலுமிச்சை, பிளீச்சிங் பவுடர் எதுவும் படக்கூடாது. அமிலம் எனாமலைத் தின்றுவிடும். வேகவைத்தாலும், வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்தாலும் நெடுக்கே விரிசல் விட்டு இரண்டாகப் பிளக்கும். ஊசியைச் சுட வைத்துக் குத்தி நாற்றம் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது பொருளைக் கெடுக்கும், தேவையும் இல்லை.

மலையில் இப்படி ஏமாற்றும் பற்கள் இன்னும் உண்டு. கேளையாட்டுக் கிடாவுக்கு மேல்தாடையில் சுண்டுவிரல் நீளத்துக்கும் குறைவான, வளைந்த, ஓரம் கூரான பல் இருக்கிறது. வடிவத்தில் குட்டி வாள்பல் என்றே சொல்லலாம். சருகுமானுக்கும் அதே மாதிரி, இன்னும் சின்னதாக. முள்ளம்பன்றியின் முன்பல் நீளமாக வளைந்திருக்கும், ஆனால் முன்பக்கம் ஆரஞ்சு நிறம், நுனி உளி போல் வெட்டியிருக்கும். சிறுத்தைப் பல்லில் வெளியே தெரியும் பகுதியைவிட வேர் நீளம், எனாமலில் நெடுக்கே மெல்லிய பள்ளக் கோடு ஓடும். ஆக, நீளத்தைப் பார்த்ததும் சொந்தக்காரரை முடிவு செய்துவிடக் கூடாது. வேர், குறுக்கு வடிவம், எனாமல் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, இறந்து கிடந்த காட்டு விலங்கின் உடற்பகுதி அரசின் சொத்து. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். கிடைத்த இடம், தேதி, அளவு, இரண்டு படம் இவற்றோடு வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கண்காட்சிக்குப் பல் தேவையென்றால் அதே கடிதத்தில் அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் யாரும் அதில் துளை போட்டுக் கழுத்தில் கட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, நீலகிரியில் வாழ்ந்ததா என்பது. ஹோப்லோஃபோனியஸின் எலும்புகள் கிடைப்பது வட அமெரிக்காவில். தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா, வயோமிங் மாநிலங்களில் ஒயிட் ரிவர் படிவுகள் என்று வெளிறிய மண்கல் அடுக்குகள் இருக்கின்றன. ஆறுகள் வண்டலையும் எரிமலைகள் சாம்பலையும் மாறி மாறிக் கொட்டிய இடம். செத்த விலங்கு அழுகிச் சிதறுமுன் மூடிப்போயிற்று, அதனால் 3½ கோடி ஆண்டு கழித்தும் எடுக்க முடிகிறது.

நம் மலை அப்படிப்பட்டதல்ல. காலடியில் இருப்பது சார்னோக்கைட், பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பாறை. நீலகிரியில் அதன் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. அப்போது எலும்புள்ள உயிரே உலகில் கிடையாது. (அந்தப் பாறைக்குப் பெயர் வந்த கதை நம்மூரைத் தொட்டுச் செல்கிறது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே பாறை; பெயர் சூட்டிய புவியியலாளர் தாமஸ் ஹாலந்து அதை ஆராய்ந்தது பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும்.) அந்தப் பாறை நைந்து உண்டான மேல்மண்ணோ அமிலம் மிகுந்தது. தேயிலை செழிப்பதே அந்தப் புளிப்பால்தான், பி.எச். அளவு 4½ முதல் 5½ வரை. எலும்பின் சுண்ணாம்புச் சத்து அதில் கரைந்துபோகும். ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவின் பீட் (அரைகுறையாக மக்கிய தாவரச் சேறு) சதுப்பில் பல்லாயிரம் ஆண்டுப் பழைய மகரந்தத்தூள் அப்படியே இருக்கிறது, பழைய தட்பவெப்பத்தை அதை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். மகரந்தத்தைக் காக்கும் அதே புளிப்பு எலும்பை விடாது. கொடைக்கானல் பக்கமும் இதே சார்னோக்கைட் வகைப் பாறைதான், பழனி மலையிலும் இந்தத் தேடல் பயன் தராது.

இந்தியாவில் வாள்பல் விலங்கே இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் படிவுகளில் மெகான்டெரியான் கிடைத்திருக்கிறது. அது மெய்யான பூனைக் குடும்பத்து வாள்பல் விலங்கு, ஹோப்லோஃபோனியஸுக்கு மூன்று கோடி ஆண்டுக்கு மேல் பிந்தியது. தமிழ்நாட்டில் புதைபடிவம் காட்ட வேண்டுமானால் அரியலூரின் கடல் உயிரிகளும், சாத்தனூர், திருவக்கரைக் கல்மரங்களும் இருக்கின்றன.

இப்போது உங்கள் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது: பூனை இல்லையென்றால் என்ன?

ஹோப்லோஃபோனியஸ் என்ற பெயரை 1874இல் சூட்டியவர் அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் எட்வர்ட் டிரிங்கர் கோப். ஆயுதமேந்திய கொலைகாரன் என்று பொருள். 1880இல் நிம்ராவிடே என்ற குடும்பத்தைப் பிரித்துக் காட்டியவரும் அவர்தான். பூனை, சிறுத்தை, புலி, பெயர்பெற்ற வாள்பல் பூனையான ஸ்மைலோடான் எல்லாம் ஃபெலிடே என்ற ஒரே வீட்டுப் பிள்ளைகள். நிம்ராவிடே அடுத்த வீடு. உள்ளிழுக்கும் நகம், குறுகிய முகம், கத்தரி போன்ற கடைவாய்ப் பல் எல்லாம் இருந்தும் உறவு தூரம். பூனைகள் இந்த உடல்வாகை அடைவதற்கு வெகுகாலம் முன்பே இவை அடைந்திருந்தன.

வித்தியாசம் காதில் இருக்கிறது. பூனையின் மண்டையோட்டைத் தலைகீழாகத் திருப்பினால், காது இருந்த இடத்துக்கு உள்பக்கம் இரண்டு எலும்புக் குமிழ்கள் தெரியும், வழுவழுவென்று, ஊறவைத்த கொண்டைக்கடலை போல. குமிழை உடைத்தால் உள்ளே தாள் போன்ற ஒரு தடுப்புச் சுவர் நின்று அதை இரண்டு அறையாகப் பிரிக்கும். வீட்டுப் பூனையிலிருந்து புலிவரை அந்தச் சுவர் உண்டு. நிம்ராவிடுகளில் அந்த எலும்புச் சுவர் இல்லை. மண்டையின் அடியில் நரம்பும் ரத்தக்குழாயும் நுழையும் துளைகளின் அமைப்பும் வேறு. வாளைப் பார்த்துப் பூனை என்றவர்கள் ஏமாந்தார்கள், காதைத் திறந்தவர்களுக்கு உண்மை தெரிந்தது. பூனை, கழுதைப்புலி, கீரி எல்லாம் அடங்கிய பெருங்கிளையில் நிம்ராவிடுகளை எந்த இடத்தில் வைப்பது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் உண்டு. ஃபெலிடே அல்ல என்பதில் வாதம் இல்லை.

உடலையும் பாருங்கள். சிறுத்தை அளவு என்று சொல்லலாம், ஆனால் சிறுத்தையின் நடையை அதற்குக் கொடுக்கக் கூடாது. கால் குட்டை, எலும்பு தடிமன், முன்னங்கால் பலம் மிகுதி. துரத்திப் பிடிக்கும் உடலல்ல, புதரில் ஒதுங்கியிருந்து பாய்ந்து அமுக்கும் உடல். மூன்று விரல் குட்டைக் குதிரையான மெசோஹிப்பஸும், ஓரியோடான் என்ற இலைதழை தின்னும் விலங்குகளும் கூட்டமாக அதே காட்டில் மேய்ந்தன.

இந்த வாள் வடிவம் ஒரே குடும்பத்தின் சொத்தல்ல. ஃபெலிடேயில் வந்தது, நிம்ராவிடேயில் வந்தது, பூனை போன்ற இன்னொரு விலங்கான பார்பூரோஃபெலிஸில் வந்தது. எல்லாவற்றையும்விட வியப்பு தென் அமெரிக்காவின் தைலகோஸ்மைலஸ். அது கங்காருவின் பைப்பாலூட்டி வழிக்கு உறவு, பூனைக்கு எந்த ஒட்டும் கிடையாது. அதன் வாள்பல் ஆயுள் முழுக்க வளர்ந்தது, அடி திறந்திருந்தது, குறுக்கு வடிவமும் ஏறக்குறைய முக்கோணம். களிமண் சோதனையில் பன்றி மாதிரியே ஓட்டை விழும்! கூர்மையான பிள்ளை யாராவது "திறந்த வேர் என்றால் வாள்பல் அல்ல என்றீர்களே" என்று இதைக் கொண்டுவந்து கேட்டால், அந்தப் பிள்ளை கேட்டது சரி. பதில் இடத்தில் இருக்கிறது. அது அர்ஜென்டினாப் பக்கத்தை விட்டு வெளியே வந்ததே இல்லை, உங்களுக்குக் கிடைத்த பல்லிலோ பன்றிச் சாணை வெட்டு தெளிவாக இருக்கும்.

பல் எப்படி வேலை செய்தது என்பதில் ஒரு தவறான படம் பரவியிருக்கிறது, வாயை மூடிக்கொண்டு கத்தி போல மேலிருந்து குத்துவதாக. அப்படிக் குத்தினால் பல்லே முறியும். வாள்பல் முன்பின்னாக அகலம், பக்கவாட்டில் மெல்லியது. பக்கத்திலிருந்து இழுபட்டால் தாங்காது. அதனால்தான் இரையை முன்னங்காலால் அசையாமல் அமுக்கிய பிறகே தொண்டையில் கடி விழும். தாடை மட்டும் கடிப்பதில்லை, கழுத்துச் சதை தலையைக் கீழே இழுத்துப் பல்லை இறக்குகிறது. ஸ்மைலோடானின் தாடைப் பலம் சிங்கத்தின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று 2007இல் கணினி மாதிரியில் கணக்கிட்டார்கள். பலம் குறைந்தாலும் வாய் வெகுவாகத் திறக்கும். சிங்கத்தின் வாய் 70 பாகையை ஒட்டித் திறக்கும், வாள்பல் விலங்குகளுக்கு 90ஐத் தாண்ட வேண்டியிருந்தது, இல்லையென்றால் இரை உள்ளே நுழையவே இடமிருக்காது.

இந்தப் பற்கள் தங்களுக்குள் சண்டையிலும் இறங்கின. 2010இல் தெற்கு டகோட்டாவின் பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே மண்ணுக்கு வெளியே ஓர் எலும்பைப் பார்த்தாள். அதைப் பிடுங்காமல் காவலர்களிடம் போய்ச் சொன்னாள். எடுத்துப் பார்த்தால் ஹோப்லோஃபோனியஸின் மண்டையோடு, அதில் இன்னொரு நிம்ராவிடின் கடித் தடங்கள். பிடுங்கியிருந்தால் அந்தத் தடங்கள் உதிர்ந்துபோயிருக்கலாம். உங்கள் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி மாதிரி. நிஜ அளவில் செய்தால் பின்வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியாது, இரண்டு மடங்காக 32 செ.மீ. நீளத்தில் செய்யுங்கள். உள்கூடு தெர்மாகோல். மேலே காகிதக்கூழ். உலர்ந்த செய்தித்தாள் 1 கிலோ, இரண்டு நாள் ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, மைதாப் பசைக்குப் பதில் வெள்ளை ஃபெவிகால் 250 கிராம் கலந்து பிசையுங்கள். மைதா மலிவுதான், ஆனால் கோத்தகிரி மூடுபனியில் மூன்றாம் நாளே பூஞ்சை பூக்கும், பிறகு வெள்ளிப்பூச்சி வரும். ஒரு பூச்சு 5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கனமாகப் பூசினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நின்று, வெடித்துப் பெயரும். ஒன்று முழுக்க உலர்ந்த பின் அடுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்காதீர்கள். தை, மாசியில் செய்தால் ஒரு பூச்சு இரண்டு நாளில் உலரும்.

வாள்பல்லின் வெளியே தெரியும் நீளம் மண்டையோட்டு நீளத்தில் கால்பங்குக்குச் சற்று மேல் இருக்கட்டும், மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். உங்கள் அளவுக்கு 9 முதல் 10 செ.மீ. அதோடு உள்ளே செருக 5 செ.மீ. கூடுதலாக விடுங்கள். பழப்பெட்டிப் பலகையில் வரைந்து அறுத்துச் செதுக்கலாம். அடியில் அகலம் 3 செ.மீ. என்றால் கனம் 1½ செ.மீ. வளைவான பல்லில் நுனியருகே மரத்தின் இழை குறுக்காகப் போகும், அங்கேதான் ஒடியும். நுனி 3 செ.மீ.யை எம்-சீல் பூசிப் பலப்படுத்துங்கள். இரண்டு ஓரத்திலும் ரம்பப்பல் வேண்டும், ஆனால் நகத்தால் வருடினால் உணரும் அளவுக்கு மட்டும். ரொட்டிக் கத்தி போலப் பெரிதாக வெட்டினால் தப்பு.

பள்ளி மாதிரிகளில் தவறு வருவது பெரும்பாலும் கீழ்த்தாடையில்தான். ஹோப்லோஃபோனியஸின் மோவாயில் இரண்டு பக்கமும் எலும்பு கீழே இறங்கி மடல் போலத் தொங்கும். வாய் மூடும்போது வாள்பல் அந்த மடலின் வெளிப்பக்கமாக ஒட்டி இறங்கும், நுனி மடலின் அடியோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். மடல் இல்லாமல் பல்லை மட்டும் தொங்கவிட்டால் அது வேறு விலங்கு. இரண்டாவது, வாள்பல்லை மூக்குக்கு நேர் கீழே நடுவில் வைத்துவிடுவார்கள். அந்த இடம் ஆறு சின்ன முன்பற்களுக்கு உரியது, அவற்றுக்குப் பின்னால்தான் வாள் வரும்.

தாடை மூட்டுக்கு இரண்டு பக்கமும் 6 மி.மீ. போல்ட், வாஷரோடு, கீழ்ப்பற்களின் வரிசை மட்டத்திலேயே போடுங்கள். உயரத்தில் போட்டால் வாய் பாதியில் முட்டும். மூட்டுக்கு முன்னால் கீழ்த்தாடையில் எழும் எலும்பு நிஜப் பூனையில் உயரம், இதில் குட்டை. அதை உயரமாக வைத்தால் கன்ன எலும்பில் இடித்து 60 பாகைக்கு மேல் திறக்காது. பூசி முடிக்கும் முன்பே பாகைமானியை வைத்து 90 வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் அந்த எலும்பைத்தான் அறுக்க வேண்டியிருக்கும்.

அடிப்பக்கத்தை வெறுமனே மூடிவிடாதீர்கள். காதுக் குமிழ் இரண்டையும் செய்து, ஒன்றில் பாதியை வெட்டித் திறந்து வையுங்கள். பக்கத்தில் களிமண்ணில் செய்த பூனைக் குமிழ் ஒன்று, உள்ளே அட்டைச் சுவரோடு. பார்க்க வருபவர்கள் விரலை விட்டுச் சுவரைத் தொட்டுப் பார்க்கட்டும், ஹோப்லோஃபோனியஸின் குமிழில் அது இல்லாததையும் தடவிப் பார்க்கட்டும். முழு உடலும் வரைவதானால் தோலுக்குப் புள்ளியோ வரியோ போட்டு "இப்படித்தான் இருந்தது" என்று எழுத வேண்டாம், ஹோப்லோஃபோனியஸின் மயிர் கிடைத்ததில்லை. ரஷ்யாவின் யகூட்டியாவில் உறைபனியில் கிடைத்து 2024இல் விவரிக்கப்பட்ட மூன்று வாரக் குட்டியின் கரும்பழுப்பு மயிர் ஹோமோதீரியத்தினுடையது, அது ஃபெலிடே வீட்டுப் பிள்ளை.

மாதிரிக்குப் பக்கத்தில் பன்றிப் பல்லையோ, அனுமதி கிடைக்காவிட்டால் அதன் களிமண் அச்சையோ வைத்து, சீட்டில் இப்படி எழுதலாம்: "காட்டுப்பன்றி, கீழ்த்தாடை இடது (அல்லது வலது) கோரைப்பல். வெளிவளைவு 14 செ.மீ. அடி திறந்தது, குறுக்கு வடிவம் முக்கோணம். கோத்தகிரி, தேயிலைத் தோட்டம், குழி ஆழம் இவ்வளவு, தேதி இன்னது. கண்டெடுத்தவர் எட்டாம் வகுப்பு." குழியின் ஆழத்தை இன்றைக்கே அளந்து குறித்துக்கொள்ளுங்கள், மரம் நட்டு மூடிவிட்டால் பிறகு தெரியாது.